உடையும்போது என்ன செய்யும்?

ஒரு சோலார் காரை உங்க முன்னாடி கொண்டுவந்து நிறுத்தினால் முதல்ல எதைப் பார்ப்பீங்க? மேலே மின்னுகிற பேனலை. அடுத்து, மீன் மாதிரி வழவழன்னு இருக்கிற பாடியை. அப்புறம் "எவ்ளோ ஸ்பீடு போகும்?"னு கேட்பீங்க. முன்னாடி இருக்கிற விண்ட்ஷீல்டைப் பற்றி இதுவரைக்கும் ஒருத்தர்கூட என்கிட்ட கேட்டதில்லை. அதில் தப்பும் இல்லை. கண்ணில் படாமல் இருப்பதுதானே அதோட வேலை.

எங்க அணியில் ஒரு வருஷமா நான் பார்த்த வேலை அதுதான். மோட்டார், பேட்டரி, சஸ்பென்ஷன் எல்லாத்துக்கும் ஆள் இருந்தாங்க. விண்ட்ஷீல்டுன்னா "ஒரு ஷீட் வாங்கி வளைச்சு ஒட்டுறதுதானே"ன்னு விட்டுட்டாங்க. எந்த ஷீட், எவ்வளவு வளைவு, எதை வைத்து ஒட்டுறது? இந்த மூணு கேள்விக்கும் பதில் தேடப் போனதில், எந்த மெட்டீரியலைத் தேர்ந்தெடுக்கிறவங்களும் கேட்க வேண்டிய ஒரு கேள்வி கிடைச்சது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

தமிழ்ல நாம எல்லாத்தையும் கண்ணாடின்னு சொல்லிடுவோம். முகம் பார்க்கிறதும் கண்ணாடி, மூக்கில் மாட்டுறதும் கண்ணாடி, பஸ்ஸுக்கு முன்னாடி இருக்கிறதும் கண்ணாடி. சோலார் காரில் இருக்கிற முன்கண்ணாடி மட்டும் பெரும்பாலும் கண்ணாடியே இல்லை. பிளாஸ்டிக்.

காரணம் எடை. சாதாரண கார் விண்ட்ஷீல்டில் சுமார் 2 மி.மீ. கனத்தில் ரெண்டு கண்ணாடித் தகடுகள் இருக்கும். நடுவில் பிவிபின்னு ஒரு ஒட்டும் படலம், 0.76 மி.மீ. கண்ணாடியின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு 2.5 கிராம். கணக்குப் போட்டால் ஒரு சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட 11 கிலோ வரும். அதே பரப்புக்கு 3 மி.மீ. பிளாஸ்டிக் ஷீட் 3.6 கிலோதான்.

ஏழு கிலோ பெரிய விஷயமான்னு கேட்டீங்கன்னா, சோலார் காரில் ஆமாம். 1987-ல் தொடங்கிய வேர்ல்ட் சோலார் சேலஞ்ச் போட்டியை எடுத்துக்குவோம். ஆஸ்திரேலியாவில் டார்வினில் இருந்து அடிலெய்டு வரை சுமார் 3000 கி.மீ. 2023 போட்டியில் சேலஞ்சர் பிரிவு கார்களுக்கு 4 சதுர மீட்டர் சிலிக்கான் பேனல்தான் அனுமதி. நல்ல வெயிலில் அதிலிருந்து சுமார் 1000 வாட் கிடைக்கும். அதாவது ஒரு அயர்ன் பாக்ஸ் இழுக்கிற கரண்ட்டில் ஒரு ஆளை உட்கார வைத்து நெடுஞ்சாலையில் ஓட்டணும். அங்கே ஒவ்வொரு கிலோவுக்கும் சண்டை நடக்கும். நாங்க தயாராவது உள்நாட்டுப் போட்டிக்குத்தான். ஆனால் சண்டை அதேதான்.

சரி, கண்ணாடி வேண்டாம். அப்போ எந்த பிளாஸ்டிக்? முக்கியமா ரெண்டு பேர் வரிசையில் நிக்கிறாங்க: அக்ரிலிக், பாலிகார்பனேட். ரெண்டு பேரும் உங்களுக்கு ஏற்கெனவே தெரிஞ்சவங்கதான். கடை வாசலில் லைட் எரிகிற நேம் போர்டும், சிம்போசியத்தில் சீஃப் கெஸ்டுக்குக் கொடுக்கிற பளபள மெமென்டோவும் அக்ரிலிக். பைக் ஹெல்மெட்டின் வைசர், பழைய சிடி, ஹாஸ்டலுக்கு வருகிற 20 லிட்டர் வாட்டர் கேன்களில் பலவும் பாலிகார்பனேட். அந்தப் பழைய கேனை ஒரு தடவை உத்துப் பாருங்க. முழுக்க கீறல், பனி படிஞ்ச மாதிரி மங்கல். ஆனால் ஆட்டோவில் இருந்து எத்தனை தடவை கீழே போட்டிருப்பாங்க? உடைஞ்சிருக்காது. பாலிகார்பனேட்டோட முழு ஜாதகமும் அந்தக் கேனில் எழுதியிருக்கு.

நான் ஒரு எக்செல் ஷீட் போட்டேன். எடையில் ரெண்டும் ஏறக்குறைய சமம், அடர்த்தி 1.2-ஐ ஒட்டி. நேராக விழும் வெளிச்சத்தில் அக்ரிலிக் 92 சதவீதம் உள்ளே விடும், பாலிகார்பனேட் 90. கீறலைத் தாங்குவதில் அக்ரிலிக் மேல். வெயிலில் வருஷக்கணக்கா நின்னாலும் அக்ரிலிக் அவ்வளவா மஞ்சளாகாது. பாலிகார்பனேட்டுக்கு மேலே யூவி தடுக்கும் பூச்சு இல்லைன்னா மஞ்சளாகிடும். விலையும் அக்ரிலிக்தான் குறைவு. பாலிஷ் போடுறதும் சுலபம்.

ஷீட்டைப் பார்த்ததும் அணியில் எல்லாரும் ஒரே குரலில் "அக்ரிலிக்". நியாயம்தான். கிட்டத்தட்ட எல்லாக் காலத்திலும் அதுதான் ஜெயிச்சிருந்தது. கடைசியில் மட்டும் ஒரு காலம் காலியா இருந்தது. "உடைந்தால்?"

டேட்டாஷீட்டில் ஐசாட் இம்பாக்ட் எண் இருக்கு. பாலிகார்பனேட்டுடையது அக்ரிலிக்கைவிட 30 மடங்குக்கும் மேல். ஆனால் எண்ணைக் காட்டினால் யாருக்கும் உறைக்காதுன்னு தோணுச்சு. அதனால் பி.டி. சாரிடம் 4 கிலோ ஷாட் புட் கடன் வாங்கினோம். ரெண்டு ஷீட்டிலும் 3 மி.மீ. துண்டு ஒண்ணை இரும்பு ஃபிரேமில் இறுக்கினோம். ஒர்க்‌ஷாப் பின்பக்கம் ஆளில்லாத இடமா பார்த்து, எல்லாரும் சேஃப்டி காகிள்ஸ் மாட்டிக்கிட்டு, முதல் மாடியில் இருந்து குண்டைப் போட்டோம். சுமார் 3 மீட்டர் உயரம், கிட்டத்தட்ட 120 ஜூல்.

பாலிகார்பனேட் "டம்"னு ஒரு சத்தம் போட்டு, நடுவில் கிண்ணம் மாதிரி குழிஞ்சது. அவ்வளவுதான். அக்ரிலிக் இருந்த இடத்தில் வெறும் ஃபிரேம்தான் மிச்சம். துண்டுகளைப் பெருக்கி எடுக்க அரை மணி நேரம் ஆச்சு. எல்லாம் நீளமா, கத்தி முனை மாதிரி. ஒண்ணு அஞ்சாறு மீட்டர் தள்ளி செடித்தொட்டி மண்ணில் குத்தி நின்னது. அப்போ ஒருத்தன் தன் காகிள்ஸைக் கழட்டி அதில் அச்சடிச்சிருந்ததைப் படிச்சான்: பாலிகார்பனேட். கண்ணைக் காப்பாத்துறதுக்குன்னே செய்கிற பொருளை எதில் செய்றாங்கன்னு அது எங்க மூக்கு மேலேயே உட்கார்ந்திருந்தது. அத்தோட ஓட்டெடுப்பு முடிஞ்சது.

கண்ணும் அக்ரிலிக்கும் பற்றி ஒரு உண்மைக் கதை இருக்கு. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் போர் விமானங்களின் காக்பிட் கூடு பெர்ஸ்பெக்ஸ் என்ற அக்ரிலிக்கில்தான் இருந்தது. 1940 ஆகஸ்டில் கார்டன் கிளீவர் என்ற விமானி ஓட்டிய ஹரிகேன் சுடப்பட்டது. கூடு சிதறி அவர் கண்களுக்குள் பாய்ந்தது. ஒரு கண் போச்சு. இன்னொன்றில் அக்ரிலிக் சில்லுகள் தங்கிடுச்சு. அவருக்குச் சிகிச்சை அளித்தவர்களில் ஹரோல்ட் ரிட்லி என்ற கண் மருத்துவர் ஒருத்தர். கண்ணுக்குள் இருந்த அந்தச் சில்லுகளை உடம்பு எதிர்க்கவில்லை, பேசாமல் ஏற்றுக்கொண்டதுன்னு அவர் கவனித்தார். 1949 நவம்பர் 29 அன்று லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அக்ரிலிக்கில் செய்த செயற்கை லென்ஸை ஒரு நோயாளியின் கண்ணில் வைத்தார். இன்னைக்கு கேட்டராக்ட் ஆபரேஷனில் கண்ணுக்குள் வைக்கிற லென்ஸுக்கு ஆரம்பம் அதுதான். நம்ம மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆரோலேப் 1992-ல் இருந்து அந்த லென்ஸைக் குறைந்த விலையில் செய்கிறது. உங்க பாட்டி கண்ணில்கூட ஒண்ணு இருக்கலாம்.

கதையின் இந்த முடிவு எல்லாருக்கும் பிடிக்கும். எனக்கும். ஆனா விண்ட்ஷீல்டு செய்கிறவன் அதன் முதல் பாதியையும் மறக்கக் கூடாது. கண்ணுக்குள் வைக்க அருமையான பொருள்தான். ஆனால் கண்ணுக்கு முன்னாடி, 45 செ.மீ. தூரத்தில், எதிர்க்காற்றில் நிறுத்தி வைக்கவும் அதுவே அருமையான பொருளாகிடாது.

யோசித்துப் பார்த்தால், கார் கண்ணாடியின் வரலாறும் இதே கேள்வியில்தான் ஆரம்பிக்குது. 1903-ல் பிரெஞ்சு வேதியியலாளர் எடுவார் பெனடிக்டஸின் லேபில் ஒரு குடுவை கீழே விழுந்தது. விரிசல் விட்டது, ஆனால் சிதறவில்லை. உள்ளே காய்ந்து ஒட்டியிருந்த செல்லுலோஸ் நைட்ரேட் படலம் சில்லுகளைப் பிடித்து வைத்திருந்தது. அதுதான் லேமினேட்டட் கண்ணாடிக்கு வித்து. அந்தக் கண்ணாடியும் உடையத்தான் செய்யும். உடைந்த பிறகு ஒழுங்கா நடந்துக்கும், அவ்வளவுதான்.

பாலிகார்பனேட்னு முடிவானதும் வேலை முடியலை. அப்புறம்தான் ஆரம்பம். முதல் சண்டை ஏரோ டீமோட. "15 டிகிரி கொடு மச்சி, டிராக் நல்லா குறையும்"னாங்க. அதாவது விண்ட்ஷீல்டு தரையோட 15 டிகிரியில் கிட்டத்தட்ட படுத்துக் கிடக்கணும். ஃபர்ஸ்ட் இயர் பிசிக்ஸில் படிச்ச ஃப்ரெனெல் சமன்பாட்டை எடுத்தேன். நேராகப் பார்த்தால் 90 சதவீதம் வெளிச்சத்தை விடுகிற அதே ஷீட், 30 டிகிரி சாய்வில் 83 சதவீதம் விடும். 20 டிகிரியில் 71. 15 டிகிரியில் 61. மிச்சமெல்லாம் பட்டுத் தெறிச்சுப் போயிடும். நம்ம நாட்டு மோட்டார் வாகன விதியில் முன்கண்ணாடிக்குக் குறைந்தது 70 சதவீதம் வேணும். 2012-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கு அப்புறம் கார்களில் சன் ஃபிலிமை உரிச்சாங்களே, அந்த விதிதான். ஃபிலிமே ஒட்டாமல், சாய்வை வைத்தே ஓட்டுகிறவரை இருட்டில் உட்கார வைக்க முடியும்னு அப்போதான் புரிஞ்சது. பேரம் பேசி 30 டிகிரியில் முடிச்சோம். டேஷ்போர்டுக்குக் கறுப்பு வெல்வெட் துணி ஒட்டினோம். இல்லைன்னா அதோட பிம்பம் ரோட்டு மேலேயே மிதக்கும்.

ரெண்டாவது சண்டை வளைவு. பாலிகார்பனேட்டின் விறைப்பு கண்ணாடியில் சுமார் முப்பதில் ஒரு பங்குதான். தட்டையா வைத்தால் காற்றில் படபடக்கும். ஒரு பேப்பரை நுனியில் பிடிங்க, தொங்கும். லேசா வளைச்சுப் பிடிங்க, நிக்கும். அதனால் வளைவு வேணும். ஏரோ டீம் வரைந்து கொடுத்தது ரெண்டு பக்கமும் வளைந்த குமிழி. அதைச் சூடாக்கி அச்சில் இழுத்துத்தான் செய்ய முடியும்.

அம்பத்தூரில் நேம் போர்டுக்கு ஷீட் வளைக்கிற ஒரு பட்டறைக்குப் போனோம். அண்ணன் டிராயிங்கைப் பார்த்துட்டு, "பிசி-யா தம்பி? இது தண்ணி குடிக்கும். நம்ம ஊரு காத்துக்கு, முதல்ல 120 டிகிரி அவன்ல வெச்சு மணிக்கணக்கா காய வைக்கணும். இல்லாட்டி அப்பளம் மாதிரி பொரிஞ்சிரும்"னார். மூலையில் கிடந்த ஒரு ஷீட்டை எடுத்துக் காட்டினார். நிஜமாவே அப்பளம்தான், குட்டிக்குட்டியா குமிழிகள். "கீறல் விழாத கோட்டிங் போட்ட ஷீட் வாங்குனா?"ன்னு கேட்டேன். "சூடு பண்ணி இழுத்தீங்கன்னா கோட்டிங் வெடிச்சிரும். கோட்டிங் வேணும்னா குமிழியை மறந்துருங்க. குமிழி வேணும்னா கோட்டிங்கை மறந்துருங்க."

கோட்டிங் இல்லைன்னா ரெண்டு மாசத்தில் வாட்டர் கேன் கதை. எதிர் வெயிலில் ஒவ்வொரு கீறலும் ஒரு மின்னல் கோடு. அதனால் குமிழியை மறந்தோம். அதுக்குப் பதிலா ஒரே பக்கம் மட்டும் வளைகிற வடிவம். கடலைப் பொட்டலம் மடிப்பாங்களே, அந்த மாதிரி. தட்டையான ஷீட்டைச் சூடே பண்ணாமல் அந்த வடிவத்துக்குக் கொண்டுவரலாம். கோட்டிங் போட்டதிலேயே குளிர்நிலையில் வளைக்க அனுமதி உள்ள வகையைத் தேடி வாங்கினோம். டேட்டாஷீட் சொல்கிற குறைந்தபட்ச ஆரத்துக்குக் கீழே போகாமல், எங்கேயும் 60 செ.மீ.க்கு மேலேயே வைத்தோம். ஏரோ டீமுக்கு டிராக் கொஞ்சம் ஏறுச்சு. ரெண்டு நாள் என்கிட்ட பேசலை.

இதில் இன்னொரு லாபம். சூடாக்கி இழுக்கிற ஷீட் ஒரு இடத்தில் மெலிஞ்சு, ஒரு இடத்தில் தடிச்சு நிக்கும். அதன் வழியா பார்த்தால் உலகமே நெளியும். இதைச் சோதிக்க ஒரு எளிய வழி இருக்கு. பெரிய சார்ட்டில் கட்டம் போட்டு சுவரில் ஒட்டுங்க. ஓட்டுநர் கண் இருக்கிற இடத்தில் கேமராவை வைத்து, விண்ட்ஷீல்டு வழியா படம் எடுங்க. கோடு எங்கே வளையுதோ அங்கே பிரச்சினை. எங்களோடதில் ஓரத்தில் மட்டும் லேசா சாய்ஞ்சது. நடுவில் கோடுகள் கோடுகளாவே இருந்தன.

மூணாவது, மாட்டுறது. பாலிகார்பனேட் ஒரு மீட்டர் நீளத்துக்கு, வெப்பம் 40 டிகிரி ஏறினால், கிட்டத்தட்ட 3 மி.மீ. நீளும். கீழே இருக்கிற கார்பன் ஃபைபர் பாடி அசையவே அசையாது. ரெண்டையும் போல்ட் போட்டு இறுக்கினால் துளையைச் சுற்றி விரிசல் விடும். அதனால் துளையைப் பெரிசா போட்டு, ரப்பர் வாஷர் கொடுத்து, நீளுறதுக்கு இடம் விட்டோம். போல்ட்டில் தடவுகிற த்ரெட்-லாக்கர் பசைக்குத் தடை. வளைச்சு வைத்த ஷீட்டில் எப்பவும் ஒரு இழுவிசை இருக்கும். அந்தப் பசை பட்டால் அங்கே சத்தமில்லாமல் வெடிப்பு வரும். அசிட்டோனுக்கும் அமோனியா கலந்த கிளாஸ் கிளீனருக்கும் அதே தடை. சோப்புத் தண்ணி, மெத்துன்னு ஒரு துணி, போதும்.

இவ்வளவும் யாருக்காக? எங்க ஓட்டுநர் செகண்ட் இயர் பொண்ணு. சின்ன உருவம். அதனால் எடை மிச்சம்னு நினைக்காதீங்க. ஆஸ்திரேலியப் போட்டியில் ஓட்டுநர் 80 கிலோவுக்குக் குறைவா இருந்தால் குறைகிற அளவுக்கு எடை கட்டணும். ஒல்லியா இருக்கணும்னு யாரும் பட்டினி கிடக்கக் கூடாதே. நாங்களும் அதே 80-ஐ வைத்துத்தான் டிசைன் பண்ணோம். ஒரு நாள் மாக்-அப்பில் உட்கார்ந்து பார்த்துட்டு அவ கேட்டா, "அண்ணா, இது உடைஞ்சா எந்தப் பக்கம் விழும்?"

வெயிட் எவ்வளவு, விலை எவ்வளவு, டிராக் எவ்வளவுன்னு ரிவ்யூவில் ஆளாளுக்குக் கேட்டிருக்காங்க. இந்தக் கேள்வியை உள்ளே உட்காரப் போகிறவ மட்டும்தான் கேட்டா. டார்வின் ரோட்டில் 50 மீட்டருக்கு மேல் நீளமான ரோடு டிரெயின் லாரிகள் எதிரில் கல்லைத் தெறிக்கவிட்டுப் போகும். நம்ம ரோட்டில் ஜல்லி லாரி போதும். "விழாது. குழியும். மிஞ்சிப் போனா விரியும். ஆனா உன் மேல சிதறாது"ன்னு சொல்லிட்டு, அந்தக் குழிஞ்ச துண்டை அவ கையில் கொடுத்தேன். அதை ரொம்ப நேரம் தடவிப் பார்த்துக்கிட்டே இருந்தா.

நாம எல்லாரும் மூணாவது செமஸ்டரில் யூடிஎம் லேபில் ஸ்ட்ரெஸ்-ஸ்ட்ரெயின் கர்வ் வரைஞ்சிருக்கோம். யீல்டு பாயின்ட் வரைக்கும் அக்கறையா குறிச்சுட்டு, கடைசி முனையில் ஒரு பெருக்கல் குறி போட்டு ரெக்கார்டை மூடிடுவோம். அந்தக் குறி இருக்கிற இடத்தில்தான் ஒருத்தர் உட்கார்ந்திருக்கார். பொருள் பிராஜெக்ட்டுக்குப் பொருள் மாறும்: இன்னைக்கு ஷீட், நாளைக்கு பேட்டரி பெட்டி, அப்புறம் பாலத்தின் கேபிள். நல்லா இருக்கும்போது அது எவ்வளவு நல்லா இருக்குன்னு சொல்ல விற்கிறவரே வருவார். உடையும்போது என்ன செய்யும்னு நாமதான் கேட்கணும்.

மே மாசம் நான் கிளம்பிடுவேன். எக்செல் ஷீட் அணியோட டிரைவில் இருக்கு. கடைசியில் காலியா கிடந்த அந்தக் காலத்தை முதலாவதா நகர்த்தி வெச்சிருக்கேன். எடை, விலை, வெளிச்சம் எல்லாம் அதுக்கு அப்புறம். எண்களை மாத்துங்க, பொருளையே மாத்துங்க. அந்த வரிசையை மட்டும் மாத்திடாதீங்க.